பேரேட்டில் லோகநாயகிக்கு ஒரு பக்கம்

தம்பி,

ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும். இந்த ஒன்பது வருஷத்தில் நீ என்னைப் பற்றி என்னவெல்லாம் கேட்டிருப்பாய், அதில் எதையெல்லாம் நம்பியிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். உன் கல்யாணப் பந்தலில் நாலு பேர் காதுபட நீயே கேட்டாயே: "நீங்க தின்ன நகைக்கு மாமாவை ஏன் நைனா கடிக்கிறீங்க?" என்று. அன்றைக்கு இலையை மூடிவிட்டு எழுந்து போனேன். இப்போதும் அப்பன் என்று என் மேல் உனக்கு அன்பு வரட்டும் என்று எழுதவில்லை. அந்த ஆசை எனக்கு விட்டுப்போயிற்று. வெள்ளிக்கிழமை விஜயதசமி. அன்று காலை நீயும் உன் மாமாவும் தியாகராய நகரில் எலெக்ட்ரிக் சாமான் கடை திறந்து புதுக் கணக்கு எழுதப் போகிறீர்கள். இன்றைக்குச் செவ்வாய். இன்னும் மூன்று நாளில் உன் பெண்சாதியின் நகைப் பணம் உங்கள் பேரேட்டில் பெயர் இல்லாத பணமாக ஏறப் போகிறது. ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அவளுடையது என்று யாராலும் காட்ட முடியாது. உன் அம்மாவின் பணம் அப்படித்தான் போயிற்று. அதை அப்படி எழுதிய கை என்னுடையது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். லஸ் முனையில் கணக்கு ஏடுகள் பைண்டு செய்து விற்கிற கடையில் நான் இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும்; என்ன வேலை என்பது தெரிந்திருக்காது. வியாபாரிகள் புதுப் பேரேட்டுக்குச் சொல்லி அனுப்பும்போது, எந்தத் தலைப்புக்கு எத்தனை பக்கம் என்று ஒரு சீட்டும் வரும். நான் அந்தத் தலைப்புகளைப் பக்கங்களின் மேலே பெரிய எழுத்தில் எழுதி, எண் போட்டு, முன்னால் ஓர் அட்டவணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பி.ஏ. படித்தவனுக்கு நாற்பத்தொன்பது வயதில் வாய்த்த உத்தியோகம், ஊரார் வரவு செலவுக்குத் தலைப்பு எழுதுவது. சனிக்கிழமை மத்தியானம் உன் மாமாவின் குமாஸ்தா ஒரு சீட்டைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டான். அவனுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அந்த எழுத்தைத் தெரியும். முதல், சரக்கு, கூலி, வாடகை, வண்டிச் செலவு, வட்டி, மகமை, சில்லறை, அனாமத்து. ஆக ஒன்பது தலைப்பு. பக்கம் ஒதுக்க வசதியாக ஆரம்பத் தொகையையும் எதிரே குறித்து அனுப்புவது வழக்கம். 'முதல்' என்பதற்கு எதிரே உன் மாமா பெயரும் ஆயிரம் ரூபாயும் இருந்தன. அதன் கீழே உன் பெயர் இருந்தது, தொகை இல்லை. 'அனாமத்து' என்பதற்கு எதிரே எழுநூற்றுப் பத்து ரூபாய் இருந்தது, பெயர் இல்லை.

உனக்குக் கணக்குப் பழக்கம் இல்லை. நான் கற்றுக்கொடுக்க வந்தபோதெல்லாம் நீ திருப்புளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். அதனால் சொல்கிறேன். யாருடையது, எதற்காக வந்தது என்று அப்போதைக்குத் தெரியாத பணத்தைத் தாற்காலிகமாகப் போட்டுவைக்கிற பக்கத்துக்குத்தான் அனாமத்து என்று பெயர். ஒரு மணியார்டர் வருகிறது, அனுப்பியவர் பெயர் புரியவில்லை. விசாரித்துத் தெரிகிற வரைக்கும் அங்கே போடலாம். இன்னும் திறக்காத கடையில், முதல் நாளே, யாருடையது என்று தெரியாத எழுநூற்றுப் பத்து ரூபாய் எங்கிருந்து வரும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தேனாம்பேட்டை வழியாக உன் கடைக்கு நடந்து வந்தேன். நீ இல்லை. எதிர்ச்சாரியில் மரத்தடியில் நின்றேன். ஏணிமேல் நின்று பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "இன்னா சாமி, ரொம்ப நேரமா நின்னுக்கினு கீற? பல்பு வாங்கணுமா? கட இன்னும் தொறக்கல. வெள்ளிக்கெழம வா" என்றான். பலகையில் யார் யார் பெயர் என்று கேட்டேன். "மாமன் பேரு பெருசா, மருமவன் பேரு சின்னதா. ரெண்டையும் ஒரே அளவுல போட்டா லச்சணமா இருக்கும்னு சொன்னேன். 'எழுத்துக்குத்தான்டா உனக்குக் கூலி, ரோசனைக்கு இல்ல'ன்ட்டாரு பெரியவரு" என்றான். நான் சிரித்துவிட்டேன். பல நாளைக்குப் பிறகு சிரித்தேன். உன் மாமாவை எனக்கு முன்னால் இவ்வளவு சரியாகப் பேசிக் காட்டியவர் யாரும் இல்லை.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் லோகநாயகி வெளியே வந்தாள். கல்யாணத்தில் பாதியில் எழுந்து போன மாமனாரை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். "மாமா, வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றாள். நான் உள்ளே வரவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அவள் கழுத்தில் தாலிக்கயிறும் கருகமணியும் தவிர ஒன்றும் இல்லை. "அவரு அடையாறுல ஒரு பங்களாவுக்கு ஒயர் இழுக்கப் போயிருக்காரு. சாயங்காலம் ஆவும்" என்றாள். நகை எங்கே என்று நேரடியாகவே கேட்டேன். "கடைக்குத்தான் மாமா. எழுநூத்திப் பத்து வந்துச்சு. பெரிய மாமாவே கூட இருந்து வித்துக் கொடுத்தாரு." கணக்கில் உன் பெயர் எழுதச் சொன்னாயா என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எம் பேரா? எனக்கென்னா மாமா கணக்கு. கட நல்லா ஓடினா அவரு பண்ணிப் போட மாட்டாரா?" அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டம்ளரை அவசரமாக அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். நல்ல பெண். உனக்குக் கிடைத்ததற்கு நீ என்ன புண்ணியம் செய்தாயோ, அது என் வழியாக வந்திருக்க முடியாது.

இனி என் கதை. நீ உன் மாமா வாயால் கேட்ட கதைதான். ஆனால் பாதியைக் கேட்டிருக்கிறாய்.

உனக்கு ஒன்பது வயதாகும்போது நான் ஓர் இங்கிலீஷ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பன்னிரண்டு வருஷம் அவர்கள் பேரேட்டை எழுதினேன். தலைமைக் குமாஸ்தா வேலை காலியானபோது, கூட்டல் போடுவதற்குள் மூன்று தடவை காபி குடிக்கிற ஒருவனை மானேஜர் அதில் உட்காரவைத்தார். அவன் மானேஜர் வீட்டு நாயைக் குளிப்பாட்டுவான். நான் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அது உனக்குத் தெரியும், நீ சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி உன் சோற்றைக் கசப்பாக்கியிருக்கிறேன். வேலை இல்லாமல் இருந்தபோது உன் மாமா வந்தான். கச்சேரி ரோட்டில் பள்ளிக்கூடப் புத்தகமும் காகிதமும் விற்கக் கடை போடலாம், லாபத்தில் பாதிப் பாதி, கணக்கு என் பொறுப்பு என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரட்டைப் பதிவு முறையில் முதல்தரமான பேரேடு ஒன்றைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு தலைப்பு போட்டேன், தம்பி. பென்சிலுக்கு ஒன்று, பலப்பத்துக்கு ஒன்று, மைக்கூட்டுக்கு ஒன்று. கறுப்பு மைக்கும் நீல மைக்கும் தனித்தனி. மூன்று மாதத்தில் எதை எதில் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் மாமாவின் ஒன்பது தலைப்பைப் பார்த்து ஏளனம் செய்கிற தகுதி எனக்கு இல்லை. தலைப்பு என்பது படிப்பைக் காட்டுவதற்கு அல்ல. "இந்த மாதம் எதில் போயிற்று?" என்று நீ ஒரு கேள்வி கேட்டால் ஏடு ஒரே பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை நீ கேட்கவே மாட்டாய் என்றால் அந்தத் தலைப்பு வேண்டாம்.

நாற்பத்திரண்டு தலைப்பு போட்டவன் இரண்டை மட்டும் போடவில்லை. ஒன்று, எனக்கு. வீட்டுக்கு எடுத்த பணத்துக்குச் 'சொந்தப் பற்று' என்று ஒரு பக்கம் திறந்து என் பெயரை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. என் கடையில் நான் எடுப்பதற்குக் கணக்கு என்ன என்று ஒரு வீம்பு. மளிகை, வாடகை, உன் பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாவற்றையும் 'சில்லறை'யில் தள்ளினேன். உனக்கு டைபாய்டு வந்து ஐஸ் வாங்கினேனே, அதைச் சில்லறை என்று எழுத மனம் வராமல் 'காகிதம் நனைந்த நஷ்டம்' என்று எழுதினேன். இதையெல்லாம் இப்போது வாசிக்கிறவன் சிரிப்பான். பின்னால் ஒருநாள் சிரித்தார்கள்.

இன்னொன்று, உன் அம்மாவுக்கு. காசுமாலையும் ஒட்டியாணமும் கழற்றிக் கொடுத்தாள். எண்ணூற்று நாற்பது ரூபாய் வந்தது. புதுக் கணக்கு எழுதுகிற அன்று மஞ்சள் தடவிய ஏட்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் உன் மாமா. உன் அம்மா கதவோரம் நிற்கிறாள்.

"இன்னா மாப்ளே எழுதப் போற?" என்றான்.

"உன் தங்கச்சி பெயரில் எண்ணூற்று நாற்பது, கடன் வரவு."

அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "கடன்காரங்க வரிசைல என் தங்கச்சி பேரா? நல்ல நாளும் அதுவுமா வூட்டு லட்சுமியக் கடன்காரின்னு எழுதினா கட உருப்படுமா? எந்தக் கடை ஏட்டுலயாவது வூட்டுப் பொம்பள பேரப் பாத்துருக்கியா நீ?"

நான் பார்த்ததில்லை என்பது உண்மை. மயிலாப்பூரிலும் சைதாப்பேட்டையிலும் எந்த வியாபாரியும் எழுதுவதில்லை, இன்றைக்கும் எழுதுவதில்லை. அவர்கள் ஏடுகள் என் கையில்தான் போகின்றன. சாமிக்கு மகமை என்று ஒரு பக்கம் உண்டு, வண்டிமாட்டுக்குக்கூட ஒரு பக்கம் உண்டு. நகையைக் கழற்றிக் கொடுத்தவளுக்கு இல்லை.

"அப்படியானால் 'முதல்' பக்கத்தில் அவளுக்கும் ஒரு பங்கு என்று எழுதுகிறேன்" என்றேன்.

"ரோடெல்லாம் சிரிக்கும். பொண்டாட்டிய பங்காளி ஆக்கினவன்னு உனக்குப் பேரு வரும். இப்போதைக்கு அனாமத்துல போடு. பின்னால பாத்துக்கலாம்."

"அண்ணன் சொல்றதுதாங்க சரி" என்றாள் உன் அம்மா கதவோரத்திலிருந்து. "எம் பேரு எதுக்கு அந்த ஏட்டுல?"

பன்னிரண்டு வருஷம் கம்பெனிக் கணக்கு எழுதியவனுக்கு அது தப்பு என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் எழுதினேன். இதை ஒன்பது வருஷமாக உன் மாமாவின் குற்றம் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு உனக்கு முழுக்கச் சொல்கிறேன்: அது எனக்கும் வசதியாக இருந்தது. பெண்டாட்டிக்குக் கடன்பட்டவன் என்று தினமும் ஏட்டில் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை. பெயரை எழுதவில்லை என்றால் கடன் இல்லை என்பதுபோல ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு எண்ணூற்று நாற்பது ரூபாய் விலை.

ஆறு வருஷம் கழித்து அவன் கடையை முடித்துக்கொள்ளலாம் என்றான். மத்தியஸ்தத்துக்கு இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிவந்தான். ஒருவர் அரிசி மண்டிக்காரர், இன்னொருவர் சைதாப்பேட்டைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. என் செலவில் வடையும் காபியும் சாப்பிட்டுக்கொண்டு என் ஏட்டைப் புரட்டினார்கள். மண்டிக்காரர் சில்லறைப் பக்கத்தில் விரலை வைத்தார். "என்னா சார் இது, ஆயிரத்தைத் தாண்டிக்கினு போவுது? இது சில்லறையா, குடும்பமா?" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் சொன்ன எதற்கும் எடை இல்லாமல் போயிற்று. அடுத்த பக்கம் அனாமத்து. "எண்ணூத்தி நாப்பது வரவு நிக்குதே, இது யார் பணம்?" என்றார் வக்கீல் குமாஸ்தா. என் சம்சாரத்தின் நகைப் பணம் என்றேன். "ஏட்டுல எங்கனா அப்படி எழுதியிருக்கா?" இல்லை என்றேன். உன் மாமாவைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்து "ஆமாம், என் தங்கச்சி பணம்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவன் என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "நீ எழுதின கணக்குதானே மாப்ளே? பி.ஏ. படிச்ச கை. பேரு இல்லாத பணம் கடைப் பணம்னு நீயே எனக்குச் சொல்லிக்குடுத்துருக்க" என்றான். சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதுவும் உண்மை. பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நானூற்று இருபது அவனுக்கு. என் பங்கு நானூற்று இருபது, வீட்டுக்கு எடுத்ததில் கழிந்துபோயிற்று.

அந்தத் தைப் பொங்கலுக்கு அவன் தங்கச்சிக்குச் சீர் கொண்டுவந்தான். இரண்டு பொன் வளையல். "உன் வூட்டுக்காரரு கடையில கரைச்சது கரைஞ்சுபோச்சு. அண்ணன் நான் இருக்கேன்" என்று அவள் கையில் போட்டான். அவள் அழுதாள். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், பதினைந்து வயசு உனக்கு. உன் கண்ணில் அவன் அன்றைக்கு எவ்வளவு உயர்ந்தான், நான் எவ்வளவு தாழ்ந்தேன் என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுடைய சொந்தப் பணத்தில் ஒரு துண்டு அவள் கைக்குச் சீராகத் திரும்பி வந்திருந்தது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருக்கிறது அந்த ஒருவன்தான். அதையும் நான் பிடுங்க வேண்டுமா என்று இருந்துவிட்டேன். இது பாதி. மறுபாதி, சொன்னால் என் மடத்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஏமாந்தவன் என்கிற பெயரைவிட ஊதாரி என்கிற பெயர் எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியது. நீயும் உன் அம்மாவும் என்னை விட்டுத் தியாகராய நகருக்குப் போனபோதுகூட வாய் திறக்கவில்லை.

உன் மாமா லோகநாயகி பணத்தைத் திருட வேண்டுமென்று திட்டம் போட்டிருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் விஷயத்திலும் அவன் முதல் நாளே திட்டம் போட்டிருப்பான் என்று எனக்கு நிச்சயம் இல்லை. பெயர் இல்லாத பணம் ஆறு வருஷம் கண் எதிரில் கிடந்தது. கடைசியில் கையை நீட்டினான். உன் கடையிலும் அப்படிக் கிடக்கவிடாதே. அவன் நல்லவனாகவே இருக்கட்டும், அவன் நல்லவனாக இருப்பதற்கும் உன் ஏடுதான் உதவி செய்ய வேண்டும்.

உன் பேரேட்டை நீயே பிரித்துப் பார். உன் கடையில் இருக்கிறவை ஒரு கூட்டம்: கையிருப்பு, சரக்கு, வரவேண்டிய பாக்கி, ஏணி, குறடு, தட்டுமுட்டு. ஏணியைச் சரக்கில் சேர்க்காதே. அது விற்பதற்கு வாங்கியது இல்லை. நீ பிறருக்குத் தரவேண்டியவை இன்னொரு கூட்டம். அடையாற்றுப் பங்களாக்காரர் ஒயர் இழுக்க ஐம்பது ரூபாய் முன்பணம் கொடுத்தால், அது வருமானம் என்று நினைத்துச் செலவழிக்காதே. அவர் வீட்டில் விளக்கு எரிகிற வரைக்கும் அது அவர் பணம், நீ அவருக்குக் கடன்காரன். நீங்கள் போட்ட மூலதனம் இன்னொரு கூட்டம். வருகிறவை ஒரு கூட்டம், அதில் கடையில் விற்றதை ஒரு பக்கத்திலும் வீடு வீடாகப் போய்ச் செய்த ஒயரிங் வேலையை வேறு பக்கத்திலும் எழுது. இரண்டையும் கலந்தால் உன் கை உழைப்பு எவ்வளவு, உன் மாமா முதலின் சம்பாத்தியம் எவ்வளவு என்று ஒருநாளும் தெரியாது. தெரியாமல் இருப்பது யாருக்கு லாபம் என்று யோசி. செலவு கடைசிக் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவே வெற்றுப் பக்கம் விடு. கடை வளரும்போது புதுத் தலைப்பு வரும். உனக்கென்று மாதம் இவ்வளவு என்று முடிவு செய்து, உன் பெயரில் பற்று எழுதி எடு. வெட்கப்படாதே. அனாமத்துப் பக்கம் இருக்கட்டும், ஆனால் அதில் எது விழுந்தாலும் வாரக் கடைசிக்குள் அதற்கு ஒரு பெயர் கண்டுபிடித்து வெளியே எடு.

இவை எல்லாவற்றையும் நீ விட்டாலும் பரவாயில்லை. இந்த ஒன்றை மட்டும் செய். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுத அப்பன் கூசக்கூடாது, கூசவில்லை. வியாழக்கிழமை லோகநாயகியை உட்காரவைத்துக் கேள்: "இந்தப் பணம் கடைக்குக் கடனா, பங்கா?" அவள் சிரிப்பாள். விடாதே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல். கடன் என்றால் கடை நொடித்தாலும் அவளுக்குத் திருப்பித் தர வேண்டும். பங்கு என்றால் நஷ்டத்தில் அவளுக்கும் பாகம் உண்டு, ஆனால் லாபத்திலும் உண்டு, கடையை முடிக்கும்போது அவளைக் கேட்காமல் முடிக்க முடியாது. எதை வேண்டுமானாலும் அவளே சொல்லட்டும். நானும் உன் மாமாவும் உன் அம்மாவுக்காக முடிவு செய்தோம். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

பேரேட்டை நேற்று எழுதி முடித்தேன். சீட்டில் சொன்ன ஒன்பது தலைப்பையும் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். லோகநாயகி பெயரையும் நானே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். உன் மாமா பார்த்தால் கிழித்து எறிவான், பைண்டர் பிழை என்பான். நீ எழுதினால் கிழிக்க முடியாது. அதனால் பதினொன்றிலிருந்து பதினான்கு வரை நாலு பக்கத்தைத் தலைப்பு இல்லாமல் விட்டிருக்கிறேன். முதலுக்கும் சரக்குக்கும் நடுவே இருக்கிறது. அட்டவணையிலும் ஒரு வரி காலியாக இருக்கிறது. புதன்கிழமை ஏடு உங்களிடம் வந்துவிடும். பூஜைக்கு வைப்பதற்கு முன்னால் எழுது. பூஜையில் வைத்துவிட்டால், சாமி முன்னால் இருந்ததைத் திருத்தக்கூடாது என்பான் அவன். எனக்கும் அப்படித்தான் சொன்னான்.

நீ செய்வாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போட்ட இரண்டு கார்டுக்கும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இதையும் நீ படிக்காமல் போடலாம். மூன்று நாளாக வேறு யாரிடம் போய்ச் சொல்வது என்று பார்த்தேன். லோகநாயகியின் தகப்பனாருக்கு எழுதினால் கல்யாணமே தகராறாகும். உன் மாமாவிடம் போய் நிற்க முடியாது. எனக்கு உன்னைத் தவிர ஒருவரும் இல்லை, உனக்கோ என்னைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள்.

உன் அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்பதை உன்னிடம் விடுகிறேன். நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வருகிற தபாலை அவள்தான் வாங்கி வைப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மணியார்டர் ரசீதிலும் அடகுச் சீட்டிலும் பார்த்துப் பார்த்து என் கையொப்பத்தை மட்டும் அடையாளம் தெரியும். இத்தனை காகிதத்தின் கடைசியில் அதைப் பார்த்தால் உன்னை உட்காரவைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பாள், அவள் அண்ணன் சொன்ன வார்த்தை வரும் இடம் வரைக்கும் கேட்பாள். கையொப்பம் இல்லாமல் கடையின் நீள உறையில் வந்தால் ஏதோ ஏட்டுக்கடைக் காகிதம் என்று உன் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். நான் யார் என்று உனக்குத் தெரியும், அது போதும். கடைசிப் பக்கத்தில் எழுதிய என் பெயரைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். மூன்று மணித் தபாலுக்கு இப்படியே போடுகிறேன்.